ஓட்டைக் காகிதம் பாடும் (மிஷின் இசை ஒழிக கோஷ்டிக்கு ஓர் எதிர்வினை)

போன வாரம் தானாக வாசிக்கிற பியானோ பத்தி ஒரு சின்னப் பதிவு போட்டேன். 1920கள்ல வந்த ஜாஸ் உருப்படிகளை நீளமான காகிதச் சுருள்ல ஓட்டை ஓட்டையா குத்தி வச்சிருப்பாங்க. சுருள் ஓட ஓட, விரலே படாம பியானோ கட்டைகள் இறங்கி ஏறும். பின்னூட்டத்துல பாதிப் பேர் 'கலக்கல்'னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நன்றி மக்களே. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

அவங்க சொன்னதைச் சுருக்கித் தர்றேன். ஒண்ணு: "மிஷின் வாசிக்கிறதெல்லாம் இசையா? ஓட்டைக்கு ஸ்வரம் தெரியுமா?" ரெண்டு: "எங்க வீட்டு கிரைண்டரும் தானாத்தான் ஓடுது, அதுக்கும் ஒரு சபா பிடிச்சுக் குடுங்க." மூணு: "கும்மிடிப்பூண்டியில உக்காந்துக்கிட்டு அமெரிக்காக்காரன் ஜாஸ் எதுக்குங்க?"

கிரைண்டர் கமெண்டுக்கு நானும் சிரிச்சேன். ஆனா சிரிச்சு முடிச்சதும் எரிச்சல் வந்துச்சு. ஏன்னு கடைசியில சொல்றேன். முதல்ல பெட்டியைத் திறந்து பார்த்துடுவோம்.

உள்ளே என்ன இருக்கு?

மின்சாரம் கிடையாதுங்க. காத்துதான். கீழே ரெண்டு மிதி இருக்கும், தையல் மிஷின் மாதிரி கால் மாத்தி மாத்தி மிதிக்கணும். துருத்தி காத்தை உறிஞ்சி, பெட்டிக்குள்ள காத்தழுத்தத்தைக் குறைச்சு வைக்கும். மேல ஒரு பித்தளைப் பட்டை, அதுல வரிசையா 88 துளை, கட்டைக்கு ஒண்ணு. காகிதம் அந்தப் பட்டை மேல உரசிக்கிட்டே நகரும். காகிதத்துல ஓட்டை வர்ற இடத்துல வெளிக்காத்து உள்ளே புகும், அந்தக் கட்டைக்கான குட்டித் துருத்தி சுருங்கும், சுத்தியல் கம்பியை அடிக்கும். நீளமான ஓட்டைன்னா நீளமான ஸ்வரம். அவ்வளவுதான் சமாச்சாரம்.

1895 வாக்குல அமெரிக்காவுல எட்வின் வோட்டி செஞ்ச 'பியானோலா'தான் இதைப் பிரபலமாக்குச்சு. அப்புறம் ஆளாளுக்கு ஒரு அளவுல சுருள் போட்டுக் குழப்பினாங்க. 1908ல பஃபலோ நகரத்துல கம்பெனிக்காரங்க எல்லாம் கூடி, 11¼ அங்குல அகலம், அங்குலத்துக்கு 9 துளைன்னு ஒரே அளவுக்கு வந்தாங்க. அதுக்கப்புறம்தான் ஒருத்தன் சுருள் இன்னொருத்தன் பியானோவுல ஓடுச்சு. 1920களின் நடுவுல அமெரிக்காவுல செய்யற பியானோவுல பாதிக்குப் பாதி இந்த வகை. ஜாஸ் தலையெடுத்த அதே வருஷங்கள்.

இந்த ஓட்டை விவகாரம் நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. காஞ்சிபுரம் பக்கம் போய் ஜக்கார்டு தறியை அண்ணாந்து பாருங்க. தலைக்கு மேல ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி தொங்கும். அட்டையில ஓட்டை இருக்கிற இடத்துல ஊசி உள்ளே போகும், கொக்கி மேலே ஏறும், பாவு நூல் தூக்கும். மயிலோ மாங்காயோ, சேலையில விழற ஒவ்வொரு புள்ளிக்கும் அட்டையில கணக்கு இருக்கு. ஜக்கார்டு பிரான்ஸ்ல இதைச் செஞ்சது 1804ல. எங்க திருவள்ளூர் மாவட்டத்துலயே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டைன்னு தறிச் சத்தத்துலயே விடியற ஊர்கள் இருக்கு. நெசவு தெரிஞ்ச யார்கிட்டயாவது கேளுங்க: "அட்டை தூக்குற நூல்தானே, இது என்ன பட்டு?"ன்னு. பதில் என்ன வரும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கிராப் தாள்ல கட்டம் கட்டமா டிசைன் போட்டவர் ஒருத்தர், அதைப் பார்த்து அட்டை குத்தினவர் ஒருத்தர், மிதிச்சு நெய்யறவர் ஒருத்தர். அட்டைக்கு மயில் தெரியாதுதான். குத்தினவருக்குத் தெரியும்.

ஓட்டை போட்டது யாரு?

பியானோ சுருளும் அப்படியே. நியூயார்க்குல ஹார்லெம் பக்கம் ஜேம்ஸ் பி. ஜான்சன்னு ஒரு கறுப்பினப் பியானோ கலைஞர். இடது கை கீழ ஒரு ஆழமான ஸ்வரம், உடனே தாவி நடுவுல ஒரு ஸ்வரக்கூட்டு, மறுபடியும் கீழ, மறுபடியும் நடுவுலன்னு எட்டி எட்டி நடக்கும். இதுக்கு 'ஸ்டிரைடு'ன்னு பேர். வலது கை அது மேல துள்ளி விளையாடும். அவரோட 'கரோலினா ஷவுட்' உருப்படி 1921ல க்யூஆர்எஸ் கம்பெனி சுருளா வந்துச்சு.

வாஷிங்டன்ல ஒரு இளைஞன் அந்த உருப்படியோட சுருளை மெதுவா ஓட விட்டு, இறங்குற கட்டைகள் மேல தன் விரலை வச்சு, ஒவ்வொரு அசைவா படிச்சான். ஜான்சன் அந்த ஊருக்கு வந்தப்ப அவர் முன்னாடியே வாசிச்சும் காட்டினான். அந்தப் பையன் பேரு டியூக் எலிங்டன். ஃபேட்ஸ் வாலரும் இதே உருப்படியைச் சுருள் வழியாத்தான் விரலுக்குக் கொண்டு வந்தார். 1923லேர்ந்து அவரே சுருள்களுக்கு வாசிக்க ஆரம்பிச்சுட்டார்.

குரு நேர்ல இல்லாம குருவோட விரல் பாடம் எடுத்திருக்கு. உலகத்துல வேற எந்த ஒலிப்பதிவும் அன்னைக்கு இதைச் செய்யலை. கிராமபோன்ல ரெக்கார்டை மெதுவா ஓட்டினா சுருதி இறங்கிடும், கட்டையும் கண்ணுக்குத் தெரியாது. சுருள்ல வேகத்தைக் குறைச்சாலும் சுருதி அப்படியே நிக்கும். "மிஷின் மனுசனைக் கொன்னுடும்"னு சொல்றவங்க, அந்த மிஷின் எலிங்டனை உருவாக்கினதுல ஒரு கை கொடுத்துச்சுங்கறதை எந்தக் கணக்குல எழுதுவாங்க?

இன்னொரு ஆள். ஜே. லாரன்ஸ் குக். 1899ல பிறந்த கறுப்பினக் கலைஞர். கைல ஓட்டை போடுற சின்ன மிஷின் ஒண்ணை வாங்கி, சொந்தமா சுருள் குத்திப் பழகி, அப்புறம் க்யூஆர்எஸ்ல சேர்ந்தவர். வாழ்நாள்ல ஆயிரக்கணக்கான சுருள்கள். வாலர் மாதிரியும் குத்துவார், மத்தவங்க மாதிரியும் குத்துவார். பல சுருள் வேற வேற புனைபெயர்கள்ல வந்துச்சு. (புனைபெயர்ல பொளந்து கட்டறது நம்ம பதிவர்கள் கண்டுபிடிச்சது இல்லை சாமி!) அவர் உட்கார்ந்து குத்தின ஒவ்வொரு ஓட்டையும் காதுல கேட்டுத் தீர்மானிச்சது. இப்ப சொல்லுங்க, ஓட்டைக்கு ஸ்வரம் தெரியணுமா, குத்துறவனுக்குத் தெரிஞ்சா போதுமா?

நீதிமன்றமே சொன்ன வாதம் இது

"காகிதத்தைப் பார்த்தா பாட்டு தெரியலையே, வெறும் ஓட்டைதானே"ங்கறவங்களுக்கு ஒரு நல்ல துணை இருக்கு. 1908ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒயிட்-ஸ்மித் எதிர் அப்போலோ வழக்குல இதையேதான் சொல்லுச்சு. மனுசன் கண்ணால படிக்க முடியாத சுருள், பாட்டோட நகல் ஆகாது, அது மிஷினோட ஒரு பாகம், அதனால பாட்டு எழுதினவருக்குக் காசு தர வேண்டியதில்லைன்னு தீர்ப்பு. கம்பெனிக்காரங்களுக்குக் கொண்டாட்டம்.

அடுத்த வருஷமே, 1909ல, சட்டத்தை மாத்தினாங்க. ஒவ்வொரு சுருளுக்கும் பாட்டு எழுதினவருக்கு 2 சென்ட் தரணும். 'மெக்கானிக்கல் ராயல்டி'ங்கற வார்த்தையும் வழக்கமும் அங்கேர்ந்து வளர்ந்ததுதான். நம்ம ஊர்ல ராஜா சார் ராயல்டி பத்திப் பக்கம் பக்கமா சண்டை போட்டோமே, அந்தச் சண்டைக்குத் தாத்தா இந்த ஓட்டைக் காகிதம்.

இதுல நான் பார்க்கிறது ஒண்ணுதான். "இது மிஷின், இதுல மனுசன் இல்லை"ன்னு யாராவது சொன்னா, அதனால யாருக்கோ காசு மிச்சமாகுதான்னு முதல்ல பாருங்க.

எங்க கோஷ்டிக்கும் ரெண்டு குட்டு

சுருள் ரசிகர்கள் எல்லாம் யோக்கியம்னு சொல்ல வரலை. 1904ல வெல்ட்டே-மிக்னான், அப்புறம் டியோ-ஆர்ட், ஆம்பிகோன்னு அழுத்தம் மென்மை எல்லாத்தையும் சுருள்லயே எழுதற பியானோக்கள் வந்துச்சு. 'கலைஞரே உங்க வீட்டு ஹால்ல வந்து வாசிக்கிறார்'ங்கற மாதிரி விளம்பரம். அது ஜல்லி. பல சுருள்கள்ல அழுத்தக் குறிகளை அப்புறமா எடிட்டர்கள் உட்கார்ந்து போட்டாங்க. தப்பு ஸ்வரங்களை அடைச்சாங்க. பத்து விரலுக்கு எட்டாத ஸ்வரங்களைச் சேர்த்தாங்க. "இது அச்சு அசல் கெர்ஷ்வின்"னு கண்ணை மூடிக்கிட்டு உருகறவங்க கொஞ்சம் கண்ணைத் திறக்கணும்.

அதனால சுருள் மட்டமாயிடுச்சா? ஆகலை. சினிமாவுல எடிட்டர் வெட்டினா நடிப்பு பொய்யாயிடுமா? கெர்ஷ்வின் 1925ல 'ராப்சடி இன் புளூ'வை டியோ-ஆர்ட் சுருளுக்கு வாசிச்சார், ஆர்க்கெஸ்ட்ரா பகுதியையும் சேர்த்தே. 1976ல மைக்கேல் டில்சன் தாமஸ் அந்தச் சுருளோட பியானோப் பகுதியை மட்டும் வச்சுக்கிட்டு, சுத்தி ஒரு ஜாஸ் பேண்டை உக்கார வச்சுப் பதிவு பண்ணினார். 1937லயே செத்துப்போன கெர்ஷ்வினுக்குப் பின்பாட்டு! வேகம் தலைதெறிக்கும். கேட்டுட்டு வந்து கிரைண்டர்னு சொல்லுங்க பார்ப்போம்.

அடுத்த குட்டு, கணினியில கேக்கறவங்களுக்கு. சுருளை ஸ்கேன் பண்ணி மிடி கோப்பா மாத்தி, மொக்கையான பியானோ சத்தத்துல, ஒரே வேகத்துல ஓடவிட்டு "இவ்ளோதானா?"ன்னு கேக்கறாங்க. ஐயா, சுருள் லேபிள்ல வேகம் போட்டிருக்கும். 70ன்னா நிமிஷத்துக்கு 7 அடி காகிதம். ஆனா அது ஆரம்பம்தான். மிதிக்கிறவர் கையில வேகத்துக்கு ஒரு நெம்புகோல், சத்தம் கூட்டக் குறைக்க சில நெம்புகோல் இருக்கும். அழுத்தி மிதிச்சா சத்தம் ஏறும், தொட்டு மிதிச்சா அடங்கும். ஒரே சுருளை ரெண்டு பேர் மிதிச்சா ரெண்டு பாட்டு. எழுதி வச்ச கீர்த்தனையைப் பாடறவர் கதைதான். சாகித்யம் ஒருத்தருடையது, அன்னைக்கு அது உட்கார்றதும் சாயறதும் பாடறவர் பொறுப்பு.

இன்னொரு கூத்து. சிலர் தேய்ஞ்ச 78 ரெக்கார்டோட கரகரப்பைக் கேட்டுட்டு "ஆஹா, ஆத்மா!"ன்னு எழுதறாங்க, சுருளை மட்டும் மிஷின்ங்கறாங்க. 1925ல மின்சார மைக் வர்றவரைக்கும் புனல் முன்னாடி வாசிச்சுத்தான் பதிவு. பியானோ அதுல தகர டப்பா மாதிரிதான் விழும், கீழ் ஸ்வரமெல்லாம் காணாமப் போயிடும். 10 அங்குல ரெக்கார்டுன்னா மூணு நிமிஷம் சொச்சத்துல முடிச்சாகணும். சுருளுக்கு அந்த நெருக்கடி இல்லை, நிஜப் பியானோ நிஜமா அதிரும். ரெண்டுமே மிஷின்தான் ஐயா. ஒண்ணு சத்தத்தைப் பிடிச்சு வைக்குது, இன்னொண்ணு அசைவைப் பிடிச்சு வைக்குது.

நியாயமான கோபம் எது?

எதிர்த்தரப்புல ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் நான் மரியாதை தர்றேன். நம்ம ஊர்லயே தானா வாசிக்கிற வாத்தியம் ஒண்ணு இருக்கு, பார்த்திருப்பீங்க. சின்னச் சின்னக் கோவில்கள்ல, தீபாராதனை நேரத்துல சுவிட்சைத் தட்டினா மோட்டார் சுத்தி முரசும் மணியும் அடிக்குமே, அதுதான். டம டம டம டம. மார்கழிக்கும் அதே, ஆடிக்கும் அதே. அதுக்குப் பின்னாடி இசை யோசிச்ச ஆள் யாரும் இல்லை. எந்தக் கோவில்ல எல்லாம் மேளக்காரரையும் நாயனக்காரரையும் நிறுத்திட்டு அந்தப் பெட்டியை வச்சாங்களோ, அங்கெல்லாம் ஒரு குடும்பத்தோட வருமானமும் போச்சு. அமெரிக்காவுலயும் ஊமைப்பட தியேட்டர்கள்ல சுருள் ஓட்டுற பெட்டிகள் வந்து, பியானோ வாசிக்கிறவங்க வேலையைத் தின்னுச்சு. 1906லயே ஜான் ஃபிலிப் சௌசாங்கற பேண்டு மாஸ்டர், மிஷின் இசையால ஜனங்க பாடறதையும் கத்துக்கறதையும் விட்டுடுவாங்கன்னு கட்டுரை எழுதிக் கத்தினார்.

இந்தக் கோபம் நியாயம். நானும் சேர்ந்து கத்தறேன். ஆனா மோட்டாரைத் திட்டி என்ன பிரயோஜனம்? மேளக்காரருக்குச் சம்பளம் தர மனசில்லாதவங்களைக் கேளுங்க. "மிஷின்ல ஆத்மா இல்லை"ன்னு தத்துவம் பேசினா, அந்தக் கேள்வி அப்படியே மறைஞ்சு போயிடுது. அது அவங்களுக்குத்தான் வசதி.

அப்புறம், பெட்டிகளைக் கண்டா ஒதுங்கறது நம்ம வித்வத் சபைக்குப் பழைய பழக்கம். ஆர்மோனியத்துல கமகம் வராதுன்னு 1940ல அகில இந்திய வானொலி தடை போட்டுச்சு. 1971 வரைக்கும் அது அசையலை. அதே பெட்டியை வச்சுத்தான் நாடகக் கொட்டகையில விடிய விடியப் பாடி ஊரையே கட்டிப் போட்டாங்க. ரோஜா வந்த 1992லேர்ந்து "ரஹ்மான் கம்ப்யூட்டர் இசை"ன்னு அடிச்ச கும்மியை நாமெல்லாம் பார்த்தவங்கதானே. இன்னைக்கு எந்த இசையமைப்பாளர் ஸ்டூடியோவுலயும் கணினித் திரையைப் பாருங்க. கிடைவாக்குல கோடு கோடா ஸ்வரங்கள் ஓடும். அந்தத் திரைக்குப் பேரே 'பியானோ ரோல்'. நீங்க முணுமுணுக்கிற சினிமாப் பாட்டுல முக்கால்வாசி அந்தத் திரையைத் தாண்டி வந்ததுதான். சுருளைத் திட்டிட்டு அதைக் கேட்டு உருகுறது என்ன நியாயம்?

கும்மிடிப்பூண்டிக்கும் ஜாஸுக்கும் என்ன?

தாளம் தள்ளி விழறது, தாளத்துக்கு முன்னாடியே பாட்டு குதிக்கிறது, இதெல்லாம் அதீத, அனாகத எடுப்பு கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமா? ஜாஸ் நம்ம நாட்டுக்கு வராததும் இல்லை. டெடி வெதர்ஃபோர்டுங்கற அமெரிக்கக் கறுப்பினப் பியானோ கலைஞர் பம்பாய் தாஜ்லயும் கல்கத்தா கிராண்ட் ஓட்டல்லயும் வாசிச்சு, 1945ல கல்கத்தாவுலயே காலரா வந்து இறந்தார். சென்னையில 1842ல மிஸ்குவித்னு ஆரம்பிச்ச பியானோக் கடை, மியூசி மியூசிக்கல்ங்கற பேர்ல அண்ணா சாலையில தொடர்ந்துச்சு. பியானோ நமக்கு வேத்து கிரகத்துப் பொருள் இல்லை.

ஆனா எனக்குச் சுருள் பிடிச்சதுக்குக் காரணம் வேற. கும்மிடிப்பூண்டியில 'ரோல்'னா ரோலிங் மில் ரோல்தான், பழுக்கக் காய்ச்சின இரும்பைக் கம்பியா இழுக்கிறது. நான் இங்க சிப்காட்ல ஒரு பட்டறையில சிஎன்சி லேத் ஓட்டறவன். பதிவுலக பாஷையில சொன்னா ஆணி புடுங்கறவன், நிஜத்துல புஷ்ஷும் ஷாஃப்டும் கடையறவன். எங்க முந்தின தலைமுறை மிஷின்களுக்கு நிரலே காகித நாடாவுலதான் வரும். 1 அங்குல அகலம், குறுக்க 8 ஓட்டை வரிசை. அதைத் திருத்தித் திருத்தி ஓட்டின பெரியவர் ஒருத்தர்கிட்டதான் நான் தொழில் படிச்சேன். முதல் தடவை பியானோ சுருள் வீடியோ பார்த்தப்ப எனக்குத் தோணினது "அட, நம்ம டேப்பு!"ங்கறதுதான்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, பேர் வேணாம், சம்பள உயர்வு கேட்டு நாலு பேர் போய் நின்னோம். அங்கிருந்த அதிகாரி நிதானமா ஒரு வார்த்தை சொன்னார்: "வேலையை மிஷின் பண்ணுது. நீங்க பட்டன்தானே அமுக்கறீங்க?"

இன்செர்ட் தேயறதை மீட்டர் காட்டறதுக்கு முன்னாடி சத்தத்துல கண்டுபிடிக்கிறது யாரு? நாலு மைக்ரான் தள்ளிப் போகுதுன்னு ஆஃப்செட் மாத்தறது யாரு? உச்சி வெயில்ல ஷெட் சூடேறினா அளவு நகரும்னு தெரிஞ்சு காலையிலயே கை வைக்கிறது யாரு? அவர் கண்ணுல அது எதுவும் படலை. மிஷின் மட்டும் பட்டுச்சு.

போன வாரப் பின்னூட்டத்துல "மிஷின் வாசிக்கிறதெல்லாம் இசையா?"ன்னு படிச்சப்ப எனக்கு அந்தக் குரல்தான் கேட்டுச்சு. நீங்க அந்த அர்த்தத்துல எழுதலைன்னு தெரியும். நல்லவங்கதான், ராகம் தெரிஞ்சவங்கதான். ஆனா வாக்கியம் ஒண்ணுதாங்க. மிஷினுக்குப் பின்னாடி நிக்கற கையை இல்லைன்னு சொல்ற வாக்கியம். ரசனை பேர்ல சொன்னா விமர்சனம், ஆபீஸ் ரூம்ல சொன்னா சம்பளக் கட். ராத்திரி ஷிப்ட் முடிச்சு கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஜன்னலோரம் உக்காந்து காதுல ஜான்சனை மாட்டிக்கிறவனுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும்.

எனக்கு ஜாஸ் சுருள்ல கிடைக்கிற சந்தோஷம் இதுதான்: கை தெரியாம இருக்கும், ஆனா முழுக்க முழுக்க கைதான். ஜான்சன் கை, குக் கை, மிதிக்கிறவர் கால், நூறு வருஷம் கழிச்சு ரப்பர் குழாயும் துருத்தித் துணியும் மாத்தி அந்தப் பியானோவை மறுபடி மூச்சு விட வைக்கிற மெக்கானிக் கை. ஒரு பாட்டுக்குள்ள இத்தனை பேர். தனி மேதை, தனி ஆத்மான்னே பேசிப் பழகின நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

அதனால கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு. இனிமே 'மிஷின் இசை'ன்னு எழுதறதுக்கு முன்னாடி, அந்த மிஷினை ஓட்டினது யாரு, நிரல் போட்டது யாருன்னு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. பேர் கிடைச்சா பேரை எழுதுங்க. யாருமே இல்லைன்னு நிச்சயமாத் தெரிஞ்சா, தாராளமாத் திட்டுங்க.

பி.கு: வீட்டுப்பாடம். 'கரோலினா ஷவுட்' 1921 ரெக்கார்டையும் சுருளையும் யூடியூப்ல தேடி அடுத்தடுத்து கேளுங்க. இடது கையை மட்டும் கவனிங்க. கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல சண்டை போடுங்க, காத்திருக்கேன். கேக்காம வந்து கும்மி அடிக்கிறவங்களுக்குப் பதில் கிடையாது. கும்மி எங்க ஊர்ப் பேர்லயே இருக்கு, எங்களுக்கேவா? :-)